பழைய ரோட்ஸ்டர்: கதவில் தெரிந்த துரு, கேபிளில் தெரிந்த எர்த்

ரோட்ஸ்டர் மறுபடியும் தன் சக்கரங்களில் நிற்கிறது. வேலை இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் ஓட்டிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. 1970-களின் தொடக்கத்து பிரிட்டிஷ் வண்டி. நாலு சிலிண்டர், இரட்டை கார்புரேட்டர், கம்பிச் சக்கரம், துணிக் கூரை. இப்படி ஒரு வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் நேராக பானட்டைத் திறந்து இன்ஜினைத்தான் நோட்டம் விடுகிறார்கள். இங்கே இன்ஜினால் பெரிய தொல்லையே இல்லை. படுத்தியதெல்லாம் மற்றவைதான். அதிலும் அறிகுறி ஒரு மூலையில், கோளாறு இன்னொரு மூலையில்.

டிரைவர் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடிந்தது. கீல் தேய்ந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். கீலில் துளி ஆட்டமும் இல்லை. அப்புறம் ஜாக்கி வைத்து வண்டியை மெல்ல உயர்த்தியபடி, கதவின் பின் விளிம்புக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள சந்தைக் கவனித்தேன். தூக்கத் தூக்க அந்தச் சந்தின் அகலம் மாறியது. உறுதியான பாடியில் அது அசையவே கூடாது.

எம்ஜிபி (1962 முதல் 1980 வரை வந்தது) மாதிரியான திறந்த வண்டிகளில் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியேதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. மேலே உலோகக் கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கிறது. வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு என்று அது ஒரு பெட்டி. முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு இதற்குள் போய்ச் சேரும். நீர் வடியும் துளைகள் அடைபட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வருவதால், வெளியே பெயின்ட் பளபளவென்று இருப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

என் வண்டியிலும் வெளித் தகடு பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு சிறு காந்தத்தை அதன் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். பின் சக்கரத்தை நெருங்கும் இடத்தில் காந்தம் நழுவித் தரையில் விழுந்தது. அங்கே தகடே இல்லை, கனமாகப் பட்டி பூசியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுத்து உள்ளே டார்ச் அடித்தால், நடுத் தகட்டின் கீழ்ப்பாதியைக் காணோம். திருப்புளியால் லேசாகத் தட்டினால் ஏடு ஏடாக உதிர்ந்தது.

சில்லை வெட்டி எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம். கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டங்களை வைத்து வெல்டு செய்து, பாடி மடங்காமல் நிறுத்தினேன். வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேலேயே இருக்கும்படி தாங்கல் கொடுத்தேன். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். புதுத் தகட்டை அங்கங்கே புள்ளி வைத்துப் பிடித்துவிட்டு, கதவை மாட்டிச் சாத்திப் பார்த்து, சந்து சரியாக வந்த பிறகுதான் முழு வெல்டிங். கோணிய பாடியை அப்படியே வெல்டு செய்துவிட்டால், அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. கடைசியில் பெட்டிக்குள் மெழுகு அடித்தேன். வடிகால் துளைகளை மட்டும் அடைபடாமல் பார்த்துக்கொண்டேன். கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலே சாத்துகிறது. கீலைத் தொடவே இல்லை.

அடுத்தது சோக் கேபிள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க இழுக்கும் கம்பி அது. இழுக்கவே முடியாத அளவுக்கு இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டால் சரியாகும் என்று தோன்றும். ஆனால் செல்ஃப் அடித்த கையோடு தொட்டுப் பார்த்தபோது கேபிள் சுட்டது. சோக் கேபிள் சூடாக ஒரே ஒரு காரணம்தான்: ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்னோட்டம் அதன் வழியாகத் திரும்புகிறது. இந்த வண்டிகளில் இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்கும் பாடிக்கும் இடையே தடித்த எர்த் பட்டை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, ஒன்று உண்டு. அது அறுந்தால் மின்சாரம் கிடைத்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டு பேட்டரிக்குத் திரும்பும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். எனக்கு 3 வோல்ட்டைத் தாண்டியது. பட்டையின் கம்பிப் பின்னல் பச்சை பிடித்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரியும்படி செய்தேன். செல்ஃப் சுறுசுறுப்பானது. சோக் கேபிளும் புதிது போட வேண்டியதாயிற்று, அதன் உள்ளுறை உருகியிருந்தது.

டெம்பரேச்சர், பெட்ரோல் முள் இரண்டும் சேர்ந்து மேலே ஏறி நின்றதும் இதே ரகம். இரண்டுக்கும் பொதுவாக 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் எர்த் விட்டுப்போனால் முழு வோல்ட்டேஜும் மீட்டருக்குப் போய்விடும். பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறினால், ரேடியேட்டரைக் கழற்றும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மிஸ்ஸிங். பார்த்தவர்கள் எல்லாரும் கார்புரேட்டரைத்தான் கைகாட்டினார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரட்டை கார்புரேட்டர் மேல் விழும் பழி பாதிக்கு மேல் வீண்பழி என்பது என் கணிப்பு. சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயிண்டுக்கு (மின்சாரத்தை வெட்டித் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனை) போகும் மெல்லிய ஒயரை இழுத்தால் ரப்பர் உறை மட்டும் நீண்டு வந்தது. உள்ளே தாமிரம் அறுந்து, நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது, தீப்பொறியின் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் பாயிண்ட் உட்காரும் தட்டைத் திருப்புகிறது, நுனிகள் விலகுகின்றன, தீப்பொறி வரவில்லை. ஒயரை மாற்றி, பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தேன். கார்புரேட்டரில் செய்தது அதன் மேலுள்ள டாஷ்பாட் என்ற எண்ணெய்க் குழலில் கொஞ்சம் எண்ணெய் விட்டது மட்டும்.

பிரேக்கில் முன் இடது சக்கரம் பிடித்த பிடியை விடவில்லை. டிஸ்க்கை நெரிக்கும் காலிப்பரின் பிஸ்டன் இறுகியிருக்கும் என்பது வழக்கமான பதில். சக்கரம் பிடித்திருக்கும்போதே, ஹோஸுக்கு முன்னால் இரும்புக் குழாய் சேரும் இடத்தைத் தளர்த்தினேன், சக்கரம் விடவில்லை. காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் ப்ளீடர் நிப்பிளைத் திறந்ததும் விட்டது. ஆக, அடைப்பு நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸில்தான். உள்பக்கம் ஊதிப்போய், மிதிக்கும் அழுத்தத்துக்கு வழிவிட்டு, திரும்பி வரும் எண்ணெயை மறித்திருக்கிறது. எல்லா ஹோஸையும் மாற்றினேன். பிரேக் ஆயிலும் புதிது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸையும் கையோடு மாற்றிவிட்டேன்.

மற்ற வண்டிகளும் இப்படித்தான். 1960-களின் ஆரம்பகால லோட்டஸ் இலானின் மடங்கும் ஹெட்லைட்டை வேக்குவம்தான் தூக்கி நிறுத்துகிறது. அந்த வேக்குவத்தைத் தேக்கி வைப்பது சேஸிஸின் முன் குறுக்குச் சட்டமே. அதில் துருவால் பொத்தல் விழுந்தால், விளக்கு தானாகத் தாழும். சேஸிஸ் துரு பிடித்திருப்பதை ஹெட்லைட் சொல்கிறது! ஜாகுவார் இ-டைப்பில் பின் டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இல்லை, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறது. அந்தச் சூட்டில் ஆயில் சீல் கெட்டு, கசியும் எண்ணெய் டிஸ்க்கில் படும், பிரேக் மந்தமாகும்.

மிச்சம் இரண்டு வேலை. ஃபர்ஸ்ட் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். ஆக்ஸிலைச் சந்தேகப்படுவதற்கு முன், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, தூக்கி நிறுத்திய சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பினேன். சக்கரம் மாட்டும் ஹப் அசையவில்லை, சக்கரம் மட்டும் கொஞ்சம் ஆடியது. கம்பிச் சக்கரம் மாட்டும் ஸ்ப்ளைன் பற்கள் தேய்ந்து கூராகியிருக்கின்றன. ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். புது ஹப் வரும்வரை வண்டி வெளியே போகாது. அதற்குள் கசியும் பின் டேம்பரை (ஷாக் அப்சார்பர்) கழற்றிப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.