சிஎம்வி தீசிஸும் 21 நாள் கெடுவும்

தீசிஸ் ஒருவழியாகக் கையெழுத்தாகி உள்ளே போய்விட்டது. குழந்தைகள் நலத் துறையில் அடுத்து யாராவது பிறவி சிஎம்வி (தாயின் வயிற்றிலேயே குழந்தைக்குத் தொற்றும் ஒரு வைரஸ்) பற்றி எடுப்பதாக இருந்தால், எனக்கு யாரும் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

மருத்துவப் பகுதி தெரிந்ததுதான். சிஎம்வி என்றால் சைட்டோமெகாலோ வைரஸ், அதாவது மனித ஹெர்பஸ் வைரஸ் 5. கருவிலேயே தொற்றியதா என்று சொல்ல வேண்டுமானால், குழந்தை பிறந்து 21 நாளுக்குள் எச்சிலோ சிறுநீரோ எடுத்து பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) செய்தாக வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் பிரசவத்தின்போது வந்ததா, தாய்ப்பாலில் வந்ததா என்று பிரிக்க முடியாது. சில நாடுகளில் பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்த ரத்த அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அதில் தேடிப் பார்க்கலாம். நம் வார்டுகளில் எல்லாக் குழந்தைக்கும் அப்படி அட்டை எடுத்து வைப்பதில்லை. 21 நாள் போனால் போனதுதான்.

இந்த அவசரம், ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி அலுவலகத்துக்குத் தெரியாது. முதல் தடவை ஃபைலைக் கொடுத்ததும் கிளார்க் நேராகத் தமிழ்ச் சம்மதப் படிவத்துக்குப் போனார். "அடியில வெர்ஷன் நம்பர், தேதி எங்கம்மா?" துறையில் தந்த மாதிரிப் படிவத்திலேயே அது இல்லை. சரி என்று எல்லாப் பக்கத்திலும் போட்டுக்கொண்டு போனால், தமிழ்ப் படிவத்தை மறுபடி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவரிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். "இதையும் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?" "நீங்க கேக்கலையே." இதற்கு என்ன பதில் சொல்வது!

அப்புறம் கூட்டம். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி குறைந்தது ஐந்து பேர் வேண்டும், அதில் மருத்துவம் சாராதவரும் இருக்க வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் டாக்டர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, வெளி உறுப்பினர்கள் வரவில்லை என்று கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். முந்தின நாளே ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் வேறு யாரையாவது வரவழைத்திருக்கலாம்.

அந்த இடைவெளியில்தான் பச்சிளங்குழந்தை வார்டுக்கு ஒரு குழந்தை வந்தது. தலை சிறியது, உடம்பெல்லாம் பொடிப்பொடியாக ரத்தப் புள்ளிகள், கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. பார்த்ததுமே சிஎம்வி சந்தேகம். சிகிச்சைக்காகச் செய்யும் பரிசோதனைக்கு எந்தக் கமிட்டி அனுமதியும் வேண்டாம். ஆனால் எங்கள் லேபில் இருந்த கிட் ஆய்வுக்கென்று வாங்கியது. அனுமதி வராமல் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிட் ஃப்ரீசரில் கிடக்க, லோடு ஏற்றும் வேலை பார்க்கும் அந்த அப்பா கடன் வாங்கி வெளி லேபில் பணம் கட்டினார். நல்லவேளை, ரிசல்ட் சீக்கிரம் வந்தது, முதல் மாதத்துக்குள்ளேயே வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஆரம்பித்தோம். ஆறு மாதம் கொடுக்க வேண்டிய மருந்து. அந்த ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஒருவழியாக அனுமதி வந்தது. மாதிரி எடுப்பதில் எச்சில் சுலபம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலில் இருக்கும் வைரஸே பாசிட்டிவ் காட்டிவிடும். பச்சைக்குழந்தை எப்போது பால் குடிக்காமல் இருக்கிறது? பாட்டிமார்களிடம் கெஞ்சித்தான் நேரம் வாங்கினேன். ஒரு பாட்டி, "ஒரு மணி நேரம் புள்ளைய அழ விடணுமாக்கும்?" என்று பஞ்சைத் தட்டியே விட்டுவிட்டார். இன்னொரு தொல்லை டார்ச் ரிப்போர்ட், அதாவது சிஎம்வி மாதிரியான சில தொற்றுகளுக்கு அம்மாவின் ரத்தத்தில் செய்யும் பரிசோதனை. கர்ப்பத்தில் எடுத்ததைக் கொண்டுவந்து "ஐஜிஜி பாசிட்டிவ்னு போட்டிருக்கே" என்று பயப்படுவார்கள். ஐஜிஜி என்பது எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள். நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் அது பாசிட்டிவ்தான். குழந்தைக்குத் தொற்றியதா இல்லையா என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதை எத்தனை கட்டிலில் நின்று விளக்கினேனோ!

எச்சில் பாசிட்டிவ் என்றால் சிறுநீரில் உறுதி செய்ய வேண்டும். பெண் குழந்தைக்குப் பை ஒட்டினால் பாதிக்கு மேல் கசிந்துவிடும். வார்டு சிஸ்டர் காட்டிய வழி இது: பஞ்சைக் குளிர்ந்த நீரில் நனைத்து அடிவயிற்றில் மெதுவாகத் தடவிக்கொண்டே டப்பாவைப் பிடிக்க வேண்டும். பல நேரம் சில நிமிடத்தில் வந்துவிடும்.

ஆனால் அதற்குக் குழந்தை வார்டில் இருக்க வேண்டுமே. சுகப்பிரசவம் என்றால் மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ், அங்கிருந்து நேராக அம்மா வீடு. படிவத்தில் இருப்பது மாமியார் வீட்டு முகவரி. போன் நம்பர் கணவருடையது, அவர் எடுக்க மாட்டார். இப்படியே சில குழந்தைகளைத் தவறவிட்டோம். தயவுசெய்து முதல் நாளே பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு குழந்தையை ராஜபாளையம் பக்கத்தில் கண்டுபிடித்தது அந்த எண்ணை வைத்துத்தான். கைடிடம் கேட்டு, அந்த வட்டார மருத்துவ அலுவலரிடம் சொல்லி, கிராம சுகாதார செவிலியரைப் பிடித்தோம். மறுபடி மாதிரி எடுக்கலாம் என்ற வரி சம்மதப் படிவத்திலேயே இருந்தது, தப்பித்தோம். மாதிரியைத் தடுப்பூசிப் பெட்டியில் வைக்க மாட்டேன் என்று அந்த அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அது நியாயம்தான். பஞ்சு வித்தையைப் போனில் சொன்னேன், குழந்தையின் 20வது நாள் வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டார். மறுநாள் அப்பா ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தபோது லேப் கவுன்டர் மூடியாகிவிட்டது. வார்டு ஃபிரிட்ஜில் வைத்து, திங்கட்கிழமை காலையில் கொடுத்தேன்.

சிறுநீரும் பாசிட்டிவ். ஆனால் ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த தேதி என்று திங்கட்கிழமையைப் போட்டிருந்தார்கள்! அதாவது 23வது நாள். அப்படியே விட்டால் இந்தக் குழந்தையை ஆய்வில் சேர்க்க முடியாது. "கம்ப்யூட்டர் தானா போட்டுக்கும் மேடம், மாத்த முடியாது" என்றார் கவுன்டரில் இருந்தவர். டப்பாவை எடுத்துக் காட்டச் சொன்னேன். செவிலியர் அக்கா அதில் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் பெயர், தேதி, "காலை 9.40" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் மைக்ரோபயாலஜி மேடம் திருத்திக் கொடுத்தார். லேபிளில் எடுத்த நேரத்தை எழுதாமல் ஒரு டப்பாவைக்கூட அனுப்பாதீர்கள்.

அந்தக் குழந்தைக்கு வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இல்லை. பிறவி சிஎம்வி உள்ள பத்தில் ஒன்பது குழந்தைகள் அப்படித்தான். முதல் காது பரிசோதனையிலும் பாஸ். அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தால் பெற்றோர் திரும்பி வர மாட்டார்கள், ஆனால் இந்த வைரஸில் காது கேளாமை மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். அதனால் அப்பாவை உட்காரவைத்து விளக்கிவிட்டு, தடுப்பூசி அட்டையில் அடுத்த ஊசித் தேதிக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் "பெரா டெஸ்ட்" (காது நரம்பின் கேட்கும் திறனைப் பார்க்கும் பரிசோதனை) என்று எழுதிக் கொடுத்தேன். செவிலியர் அக்காவின் நம்பர் இப்போது என் ஜூனியரிடம் இருக்கிறது.