அடி என்று கத்தியது நான்தான்

நான் பழக்கும் பிள்ளைகளின் அந்த உதைபந்தாட்ட மட்ச் முடிந்து இரண்டு மாதமாகிறது. வென்றோம். தோற்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன், தோல்விக்கு எப்படியும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கடைசி மூன்று நான்கு நிமிடம், 1-0 என்று முன்னுக்கு நிற்கிறோம். எங்கள் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குக் கொஞ்சம் வெளியே, எங்கள் 13 வயதுப் பையன் ஒருவனின் காலுக்குப் பந்து வருகிறது. முதுகில் ஒருவன், பக்கத்தால் இன்னொருவன் ஓடி வருகிறான். நான் கோட்டோரத்தில் நின்று தொண்டை கிழிய "அடி! அடிடா!" என்று கத்தினேன். அடித்தான். பந்து மதில் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் போய் விழுந்தது, அதைத் தேடி எடுத்து வருவதற்குள் எதிர் ரீமின் சூடு ஆறிவிட்டது. எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

ஆறு மாதமாக அந்தப் பையனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிரானது. 10 மீற்றருக்கு 10 மீற்றர் கட்டம், மூலைக்கொரு செருப்பு, ஒருவனிடம் பந்து, பறிக்க இரண்டு பேர். பந்து வர முன்னமே தோளுக்கு மேலால் ஒருமுறை பார், பறிக்க வருகிறவனுக்கும் பந்துக்கும் நடுவில் உன் உடம்பு நிற்கட்டும், அவனுக்குத் தூரமான காலால் தொடு, நெருக்கத்தில் சின்னச் சின்னத் தொடுகை, இடம் திறந்ததும் ஒரு பெரிய தொடுகை, அப்புறம் ஓட்டம். யாழ்ப்பாணத்தில் பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கடற்கரை மணலில் விளையாடி வளர்ந்த பிள்ளைகளுக்குப் பந்தைக் காலோடு ஒட்டிக் கொண்டுபோகத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, மணலில் பந்து தானாக உருளாது. இவனும் அப்படித்தான் வந்தான். தலையை நிமிர்த்தப் பழக்கியது மட்டும்தான் என் வேலை என்று சொல்லலாம். அதற்கே ஆறு மாதம் போனது.

ஒருநாள் மழை வந்து பயிற்சி நின்றபோது, 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டாவது கோலைப் போனில் போட்டுக் காட்டினேன். 11 தொடுகை, அத்தனையும் இடக்கால். எல்லோரும் கடைசியில் கோலியை, அதாவது கோல் காப்பவரை, ஏமாற்றுவதைத்தான் பார்ப்பார்கள். நான் இவனைப் பக்கத்தில் இருத்தி முதல் தொடுகைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டேன்: தன் பாதிக்குள் பந்தை வாங்கி, நெருக்கி வந்த இரண்டு பேருக்கு நடுவால் திரும்புகிறாரே, அந்தத் திரும்பல்தான் கோல் என்று.

மட்ச் முடிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"சேர், எனக்கு இடம் இருந்தது. திரும்பியிருப்பன்."

"பிறகேன்ரா அடிச்சனி?"

"நீங்கள் அடி எண்டு சொன்னீங்கள், அதாலை அடிச்சனான்."

கோபமில்லை, குறையுமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது: "தம்பி, பயிற்சி வேறை, மட்ச் வேறை." ஓம் சேர் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

சரி, வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அந்த இடத்தில் பந்து பறிபோனால் கோல். அவனால்தான் தோற்றோம் என்று ஊர் முழுக்கச் சொல்லும், 13 வயதில் அதைச் சுமக்கவேண்டும். மற்றப் பிள்ளைகளும் அந்த வெற்றிக்காகத்தான் வெயிலில் காய்ந்தார்கள். பெட்டியோரத்தில் பந்தை வெளியே அடிப்பது எந்தக் கோச்சும் சொல்வதுதான், அதில் பிழையில்லை. இப்படியெல்லாம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் மாமா எடுத்த வீடியோவைப் பிறகு பார்த்தேன். முதுகில் நின்றவன் வலப்பக்கம் சாய்ந்துவிட்டான். இடப்பக்கம் வெளித்துக் கிடக்கிறது. பையன் தோளுக்கு மேலால் பார்க்கிறான், நான் பழக்கிய அதே பார்வை, இடக்காலைத் தூக்குகிறான், அப்போது என் குரல். வீடியோவில் பந்தைவிட என் குரல்தான் தெளிவாக இருக்கிறது. அவனுடைய பெயரை நான் வாழ்த்துவதற்குக்கூட அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை.

உண்மையில் அவனைக் காப்பாற்றத்தான் கத்தினேனா, எனக்கு அந்த வெற்றி தேவைப்பட்டதா? இரண்டும் என்று சொல்லி முடித்துவிடலாம், சொன்னால் மனசு ஆறும், அதனால்தான் அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கையில்லை.

அதற்குப் பிறகு ஒன்று கவனித்தேன். நெருக்கடியில் பந்து வந்தால் இப்போதும் தலையை நிமிர்த்துகிறான். ஆனால் பார்ப்பது என்னை.

அதனால் போன கிழமை வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பயிற்சி மட்ச்தான், தோற்றாலும் ஒன்றுமில்லை. பந்து அவனிடம் போனது, இரண்டு பேர் நெருக்கினார்கள், என்னைப் பார்த்தான், நான் நிலத்தைப் பார்த்தேன். அப்போது எங்கள் கோலி, பின்களத்தில் நின்ற இரண்டு பேர், வெளியே இருந்த மாற்று வீரர்கள் எல்லோருமாகக் கத்தினார்கள், என் குரலின் அதே இழுவையோடு: "அடி! அடிடா!"