சமவெளிக்கு ஒரு மாதிரி ரயில்: ஒய்பி இன்ஜினும் நடவு வயலும்

நான் செய்யும் மாதிரி ரயிலில், மீட்டர் கேஜ் காலத்து நீராவி வகையான ஒய்பி இன்ஜினுக்கு ஒருவழியாகச் சக்கரம் அமைந்துவிட்டது. மீட்டர் கேஜை, அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையை, 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக) செய்ய 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். வெளிநாட்டில் விற்கும் டிடி (TT) என்ற வகை மாதிரி ரயில்கள் ஓடுவதும் 12 மில்லியில்தான். ஆனால் அவற்றின் அளவு 1:120. ஜெர்மனியின் 01 வகை இன்ஜினுக்குப் பெரிய சக்கரத்தின் விட்டம் 2 மீட்டர், 120-ஆல் வகுத்தால் 16.7 மில்லி. ஒய்பிக்கு 1372 மில்லி, 87-ஆல் வகுத்தால் 15.8. இரண்டுக்குமே முன்னால் நாலு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு சக்கரம். அப்புறம் என்ன, பழைய 01 மாடல் ஒன்றின் அடிச்சட்டத்தைக் கழற்றி, த்ரீடி பிரிண்டில் எடுத்த ஒய்பி உடம்பை அதன்மேல் உட்கார வைத்தாயிற்று. சக்கர இடைவெளி கொஞ்சம் முன்பின் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடிக்கட்டும்!

உண்மையான தலைவலி நிலம்தான். மாதிரி ரயில் வீடியோக்களில் எல்லாம் மலை, சுரங்கம், பள்ளத்தாக்கு. பலகையின் ஓரத்தில் ரயில் திரும்பும் வளைவை மலைக்குள் மறைத்துவிடுவார்கள். கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் மலைக்கு எங்கே போவது? என் வளைவின் ஆரம் 353 மில்லி. நிஜ அளவில் அது 31 மீட்டர்தான். மெயின் லைனில் எந்த ரயிலும் அப்படித் திரும்பாது. அதனால் ஒரு பக்கம் மூங்கில் கொத்து, மறு பக்கம் தென்னந்தோப்பு. ரயில் தோப்புக்குள் நுழைந்தால் போதும், மீதியைக் கண் தானாகவே பார்த்துக்கொள்ளும்.

தண்டவாளம் தரையோடு தரையாக இருந்தால் டெல்டா மாதிரியே தெரியாது. வெள்ளம் வரும் ஊரில் ரயில் கரைமேல்தான் போகும். ஒரு மீட்டர் கரை என்றால் இங்கே பதினொன்றரை மில்லி. தெர்மோகோலை வெட்டிக் கரையை உயர்த்தாமல், இரண்டு பக்கமும் வயலைத் தாழ்த்தினேன். வாய்க்கால் குறுக்கே போகும் இடத்தில் ஒரு சின்னப் பாலம்.

ஜல்லிக்கு எம்-சாண்ட். ஆற்று மணல் மஞ்சளடிக்கிறது. எம்-சாண்ட் உடைத்த கருங்கல் என்பதால் நிறம் அப்படியே பொருந்துகிறது. 50 மில்லி ஜல்லி இந்த அளவில் 0.6 மில்லிக்கும் குறைவு, ஆகவே டீ வடிகட்டியில் சலித்து விழுந்ததை மட்டும் எடுத்தேன். தூவிய பிறகு, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் மேலேயே முத்தாக நிற்கும்.

வயலுக்கு எந்த மாதம் என்று முடிவு செய்யாமல் பெயிண்டைத் திறக்கக் கூடாது. தையில் செய்தால் எல்லாம் பொன்னிறம். தேங்காய் நார் மிதியடியை வெட்டி ஒட்டினாலே முடிந்தது. நான் எடுத்தது சம்பா நடவு முடிந்த நேரம்: சேற்று நிறம், மேலே மெல்லிய ரெசின் தண்ணீர், அதில் இரண்டு மில்லி உயரப் பச்சைக் குத்துகள். 20 சென்டிமீட்டர் இடைவெளி இந்த அளவில் 2.3 மில்லி. இடுக்கியால் ஒவ்வொரு குத்தாக நட்டது முன் வயலில் மட்டும்தான். பின்னால் உள்ளவற்றுக்குப் பச்சைத் தூள் போதும், அங்கே யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? வரப்பு மட்டும் கோணல்மாணலாக இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து இழுத்த வரப்பு பார்த்த உடனே பொய் என்று தெரிந்துவிடும்.

அடுத்து தந்திக் கம்பங்கள். கம்பிக்கு எலாஸ்டிக் நூல் சொல்லியிருக்கிறேன். கை பட்டாலும் அறுகாது.