அம்மாவின் பேசினும் ஒகினாவா விண்ணப்பமும்

மூன்றாம் வருடம் விலங்கியல் படிக்கும்போது, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் சில மாதம் உதவிப்பணத்தோடு (படி) வேலை பழக வழியுண்டா என்று தேடத் தொடங்கினேன். முதல் ஒரு மாதம் வீணாய்ப் போனது. தேடினால் முதலில் வருவதெல்லாம் அமெரிக்காதான். அங்கே அப்போது ‘மார்க்’ என்றொரு திட்டம் இருந்தது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். அதற்காகப் பல்கலைக்கழகங்களுக்கு மானியம் கொடுத்தது. அதிலிருந்து கடைசி இரண்டு வருட மாணவர்களுக்குப் படியும் கட்டண உதவியும் போயின. உயிர்மருத்துவ ஆராய்ச்சியில் பிஎச்டிக்கு ஆள் தயார் செய்வதுதான் நோக்கம். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்த பிறகுதான் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் வேண்டும் என்ற வரி கண்ணில் பட்டது. அவர்களுடைய வரிப்பணம், அவர்களுடைய பிள்ளைகளுக்கு. அதில் கோபிக்க ஒன்றுமில்லை. தகுதிப் பகுதியைக் கடைசியாக வாசித்தது என் மடைத்தனம்.

எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்று கிடைத்தது, ஜப்பானில் ஓஐஎஸ்டி (OIST) என்று அழைக்கப்படும் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுப் பயிற்சி. விமானச் சீட்டு, தங்குமிடம், நாளாந்தப் படி.

சரி, விண்ணப்பத்துக்கு என்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். ‘சிறுவயது முதலே மருத்துவ ஆராய்ச்சியில் ஆர்வம்’ என்று தொடங்கினேன். அது பொய். ஏலெவலில் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி காணாமல் விலங்கியலுக்கு வந்தவள் நான். வாசித்த என் விரிவுரையாளர் மேடம் முதல் பந்தியை அப்படியே குறுக்கே கோடு போட்டு, “குருநகரில என்ன செய்தனீரோ அதை எழுதும்” என்றார்.

யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரில் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் முட்டையிடும் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் ரஞ்சன் ராமசாமி, நோபிள் சுரேந்திரன் ஆகியோரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை வேறு கதை சொன்னது. யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் கைவிட்ட வள்ளங்களிலும் பாவிக்காத கிணறுகளிலும் எறிந்த பாத்திரங்களிலும் தேங்கிய உவர்நீரில்கூட அவை வளர்ந்தன. அதை நானே பார்க்க ஆசைப்பட்டு ஒரு பழைய வள்ளத்துக்குள் அகப்பையை விட்டேன். நெளிநெளியாய் நுளம்புக் குடம்பிகள். உப்பு அளக்கும் கருவியின் கண்ணாடியில் அதே தண்ணீர் இரண்டு துளி விட்டு, மூடி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஆயிரத்துக்கு 8 பங்கு உப்பு என்ற இடத்தில் நின்றது. கடல்நீர் ஏறக்குறைய 35. விண்ணப்பக் கட்டுரையில் அந்தக் கோட்டைத்தான் எழுதினேன்.

பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பே கேட்டதால் தலையிடி இல்லை. தலையிடி என் பெயரால் வந்தது. கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயர். பெறுபேற்றுப் பத்திரத்தில் வெறும் முதலெழுத்து. என் பெயருக்கும் இரண்டிலும் இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டல். படிவங்களை நிரப்பியது நானேதான், யாரைக் குறை சொல்ல? இரண்டும் ஒருவரே என்று ஜேபியிடம் (சமாதான நீதவான்) சத்தியக் கடதாசி முடித்து இணைத்தேன். தமிழ்ப் பெயருள்ளவர்கள் இதை முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஒகினாவாவிலிருந்து ஜூமில் பேச அழைத்தார்கள். அங்கே காலை பத்து, இங்கே ஆறரை. அவர்களுடையது மரபணு ஆய்வு, நுளம்போடு சம்பந்தமே இல்லை. குழுத் தலைவர் எல்லாம் கேட்டுவிட்டு, “நன்னீரில் வைத்தவை எத்தனை பிழைத்தன?” என்றார். நான் நன்னீரில் எதையும் வைக்கவேயில்லை. ஒப்பீடு இல்லை என்று ஒத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்ல?

அன்று பின்னேரமே அம்மாவின் இரண்டு பிளாஸ்டிக் பேசின்களை எடுத்து, ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அதே தண்ணீரில் உப்புக் கரைத்து, குடம்பிகளை எண்ணிப் போட்டு நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டினேன். நுளம்பாக மாறமுதல் கொதிநீர் ஊற்றிவிடுவேன் என்று எத்தனை தரம் சொல்லியும் அம்மா நம்பவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பீஎச்ஐ வந்து பார்த்தால் வழக்குப் போடுவார் என்று படலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தொகுதி முடிய அடுத்தது என்று எண்ணிக்கை கொப்பியில் ஏறிக்கொண்டே போனது.

ஆறு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. கிடைத்துவிட்டது. குசினிக்கு ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

“அப்ப அந்த ரெண்டு பேசினையும் கழுவிக் கவிழ்க்கலாமோ, பிள்ளை?”