பிரிவதற்கும் ஒரு ஷரத்து

இணைய முகவரிகளைப் பங்கிடும் அமைப்புகளுக்கு இடையே போடப்படும் ஒப்பந்தங்களோடு சில வருஷம் மல்லுக்கட்டியவன் நான். ஒரு வட்டாரப் பதிவகத்தின் செயலகத்தில் வேலை. வெளியே யாரிடமாவது சொன்னால், "அதுல பேசித் தீர்க்க என்ன இருக்கு?" என்பார்கள். நியாயமான கேள்வி. அன்றாட வேலையை மட்டும் பார்த்தால் அது அவ்வளவு சின்னது.

நம் கைபேசிக்கு ஐபி முகவரி தருவது நாம் மாதக்கட்டணம் கட்டும் நிறுவனம். அந்த நிறுவனம் அதைப் பெறுவது ஆசிய-பசிபிக் பதிவகமான ஏபிநிக்கிடமிருந்து, அல்லது அதன்கீழ் இந்தியாவில் இயங்கும் ஐஆர்ஐஎன்என்னிடமிருந்து. இப்படி உலகத்தில் ஐந்து பதிவகங்கள்: ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ரைப் என்சிசி, வட அமெரிக்காவுக்கு ஆரின், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிநிக், நம் பக்கத்துக்கு ஏபிநிக். இந்த ஐந்துக்கும் மொத்தமாக அளந்து கொடுக்கும் இடம் ஐயானா.

ஐயானா ஒரு காலத்தில் கிட்டத்தட்ட ஜான் போஸ்டல் என்ற ஒரே மனிதர்தான். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உட்கார்ந்து எந்த எண் யாருக்கு என்று குறித்து வைத்தவர். அவர் 1998 அக்டோபரில் இறந்தார். அந்த வருஷமே பிறந்த ஐகான் என்ற அமைப்பு அந்தப் பொறுப்பை ஏற்றது. மேலே அமெரிக்க வணிகத் துறை ஓர் ஒப்பந்தம் போட்டுக் கண்காணித்தது. அந்த ஒப்பந்தத்தின் விலை பூஜ்ஜியம் டாலர்.

2011 பிப்ரவரி 3 அன்று ஐயானாவின் கையிருப்பில் கடைசியாக இருந்த ஐந்து ஐபிவி4 (பழைய முறை முகவரி) தொகுதிகள், பதிவகத்துக்கு ஒன்றாகப் பிரிந்து போயின. ஒவ்வொன்றும் சுமார் 1.67 கோடி முகவரி. அதற்கப்புறம் ஐயானா எங்களுக்குச் செய்ய வேண்டியிருந்தது, திரும்பி வந்த துண்டுதுக்காணிகளை வருஷத்துக்கு இரண்டு முறை சமமாகப் பங்கிடுவது, எப்போதாவது புதிய முறையான ஐபிவி6 முகவரிகளில் ஒரு பெரிய தொகுதி தருவது, தன்னாட்சிப் பிணைய எண்களை, அதாவது பெரிய பிணையங்களுக்கு அடையாளமாகத் தரும் எண்களை, 1024 எண்கள் கொண்ட கட்டுகளாக எடுத்துக் கொடுப்பது. விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்குத்தான் ஐந்து பதிவகங்களும் ஐகானுமாக ஆறு தரப்பு, ஆறு சட்ட ஆலோசகர், கணக்கில்லாத வரைவு.

2014 மார்ச் 14 அன்று அமெரிக்க அரசு, தன் மேற்பார்வையை விட்டுக்கொடுக்கத் தயார் என்று அறிவித்தது. சேவையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மேலே ஒருவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் இத்தனை நாளும் யாரும் கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாம் மேஜைக்கு வந்தன. ஐகான் இந்த வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? வேறொருவரிடம் மாற்றிக்கொடுக்க முடியுமா? மாற்றினால் பதிவேடு யாருக்கு?

எண் சமூகத்தின், அதாவது பதிவகங்களும் அவற்றைச் சார்ந்தவர்களும் சேர்ந்த வட்டத்தின், சார்பில் பதிலை எழுத க்ரிஸ்ப் என்ற குழு அமைந்தது. வட்டாரத்துக்கு மூவர், ஆகப் பதினைந்து பேர். 2014 டிசம்பரில் உட்கார்ந்தவர்கள் 2015 ஜனவரி 15 அன்று முன்மொழிவைக் கொடுத்துவிட்டார்கள், நடுவில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வந்தும்கூட. வாஷிங்டனில் காலை 8 மணி என்றால் பிரிஸ்பேனில் இரவு 11 மணி. அந்தக் கூட்டங்களில் யாராவது ஒருவர் எப்போதும் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் இருப்பார்.

முன்மொழிவில் ஒரு பெரிய நிறுவனத்தைப் புதிதாகக் கட்டும் யோசனையே இல்லை. எனக்கு அதில் பிடித்ததும் அதுதான். ஐகானே தொடர்ந்து செய்யட்டும், ஆனால் ஐந்து பதிவகங்களோடும் நேரடியாக ஓர் எஸ்எல்ஏ, அதாவது சேவைத்தர ஒப்பந்தம், போட்டுக்கொண்டு செய்யட்டும் என்றது. கொள்கையை எழுத்தாக்குவது எங்கள் தலையில் விழுந்தது. இடப்பக்கம் க்ரிஸ்ப் சொன்ன கொள்கை, வலப்பக்கம் அதை நிறைவேற்றும் ஷரத்து என்று ஒரு அட்டவணை வைத்திருந்தேன். வலப்பக்கம் காலியாக இருந்தால் அன்றைய வேலை முடியவில்லை என்று அர்த்தம். கோரிக்கை வந்தால் எப்படிப் பதில் தருவது, எப்படி அறிக்கை தருவது என்ற வரிகள் சட்டென்று நிரம்பிவிட்டன. பணத்தைப் பற்றியதும் அப்படியே. பதிவகங்கள் அதற்கு முன்பே ஐகானுக்கு வருஷம் 8,23,000 டாலர் மனமுவந்து கொடுத்துக்கொண்டிருந்தன. இழுத்தடித்தவை எல்லாம் பிரிவைப் பற்றியவை: காலவரை, புதுப்பிக்காமல் விடும் உரிமை, தவறினால் முறிக்கும் உரிமை, முறித்தபின் அடுத்தவரிடம் ஒழுங்காக ஒப்படைக்கும் கடமை.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை முறிப்பதைப் பற்றி எதற்கு இத்தனை பக்கம் என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. நான் எதிர்க்கட்சி. இந்த உறவில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ் இல்லை, மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை. நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, உருகுவே, மொரீஷியஸ் என்று பதிவகங்களுக்கு ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு சட்டம். 2004இல் ஐகானோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் பெர்முடாவில் நடுவர் தீர்ப்பு என்று இருக்கிறது. இவர்களில் ஒருவருக்கும் சொந்தமில்லாத தீவு என்பதுதான் அதன் தகுதி! இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தரப்பு ஒழுங்காக நடக்க ஒரே காரணம், மற்றவர் எழுந்து போகமுடியும் என்பதுதான்.

எல்லாவற்றையும்விட என்னை ஆச்சரியப்படுத்தியது ஐயானா என்ற பெயரும் அதன் இணைய முகவரியும் பட்டபாடு. கடையை வேறு தெருவுக்கு மாற்றலாம் என்று உரிமை எழுதி வாங்கிவிட்டு, பெயர்ப்பலகையைப் பழைய கடைக்காரரிடமே விட்டுவைத்தால் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு? அதனால் வணிகச் சின்னம் சேவை நடத்துபவரிடம் இருக்கக்கூடாது என்று எண் சமூகம் சொன்னது. இணையதளப் பெயர்களைக் கையாளும் டொமைன் பெயர்ச் சமூகத்தின் முன்மொழிவிலோ, அது நடத்துபவரிடமே போகும் என்ற தொனியில் ஒரு வாசகம் இருந்தது. ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள். இந்தத் தொழிலில் சதுர அடைப்புக்குறி என்றால் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எண், டொமைன் பெயர், தொழில்நுட்பத் தரம் என்று மூன்று சமூகங்களின் முன்மொழிவுகளையும் கோக்க வேண்டிய ஒருங்கிணைப்புக் குழு, இது முட்டுகிறதே என்று கேட்டது. அந்த அடைப்புக்குறியைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சு நகர்ந்தது. யாரும் தன் நிலையிலிருந்து இறங்கியதாகத் தெரியாமல் இறங்க அது இடம் கொடுத்தது. கடைசியில் பெயரும் முகவரியும், இணையத்தின் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப்பின் அறக்கட்டளையிடம் போயின. சமூகத்துக்கு மூவராக ஒன்பது பேர் அதற்கு ஆலோசனை சொல்கிறார்கள்.

ஹெல்சிங்கியில் 2016 ஜூன் 29 அன்று ஆறு தரப்பும் கையெழுத்திட்டன. அமல் அக்டோபர் 1 முதல். அதற்கு முந்தின நாள் வரை நிச்சயமில்லை. நான்கு அமெரிக்க மாநிலங்கள் டெக்சாஸில் வழக்குப் போட்டிருந்தன. செப்டம்பர் 30 அன்று நீதிபதி தடை தர மறுத்துவிட்டார். அந்த வாரம் ஏபிநிக்கின் 42ஆவது மாநாட்டுக்காகக் கொழும்பில் இருந்தேன். பயிலரங்குக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பொறியாளர் ஒருவர் தேநீர் வேளையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, நாளைக்கு விடிய எங்கட ரவுட்டர்ல என்ன மாறும்?"

"ஒண்ணும் மாறாது தம்பி."

"அப்ப எதுக்கு இவ்வளவு பேர் நித்திரை முழிச்சவை?"

மாறாமல் இருக்கத்தான் என்றேன். அவருக்கு அது பதிலாகப் பட்டதாகத் தெரியவில்லை. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அவரிடம் விளக்கமாகச் சொல்ல எனக்கு அப்போது நல்ல உதாரணம் இல்லை. பின்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது.

ஒரு புதிய பதிவகத்தை எந்த அடிப்படையில் ஏற்பது என்று 2001இல் எழுதிய ஆவணம் ஐசிபி-2. வட்டாரத்தின் ஆதரவு, நடுநிலை, தொழில்நுட்பத் திறன், நிதி ஏற்பாடு என்று பத்து அளவுகோல்கள். அவற்றில் தேறித்தான் லாக்நிக் 2002இலும் ஆஃப்ரிநிக் 2005இலும் உள்ளே வந்தன. ஏற்றபின் ஒரு பதிவகம் நொடித்துப்போனால் என்ன செய்வது என்று அதில் எந்த ஏற்பாடும் இல்லை. எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விருந்துக்கு அழைக்கும்போது யாரும் வெளியேற்றும் விதியைச் சேர்த்து அனுப்புவதில்லை.

2021இல் ஆஃப்ரிநிக்குக்கும் அதன் உறுப்பினர் நிறுவனம் ஒன்றுக்கும் முகவரிகளைத் திரும்பப் பெறுவது பற்றி வழக்கு முற்றியது. மொரீஷியஸ் நீதிமன்ற உத்தரவால் பதிவகத்தின் வங்கிக் கணக்குகளே முடங்கின. அடுத்து இயக்குநர் குழுவுக்குக் கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் போனது, தலைமை அதிகாரியும் இல்லை. 2023 செப்டம்பரில் நிறுவனத்தைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்று நடத்த நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமித்தது. 2025 ஜூனில் நடந்த தேர்தல், பிரதிநிதி வாக்குச் சர்ச்சையால் ரத்தானது. செப்டம்பரில்தான் ஒரு குழு அமைந்தது. இத்தனைக்கும் நடுவே ஊழியர்கள் பதிவேட்டை ஓடவைத்தார்கள். மற்ற நான்கு பதிவகங்களும் கடிதம் எழுதலாம், கவலைப்படலாம், அவ்வளவுதான். அவர்கள் கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஷரத்து கிடையாது.

2023 அக்டோபரில் ஐசிபி-2ஐத் திருத்தும் வேலை தொடங்கியது. 2025இல் வரைவு பொதுக் கருத்துக்கு வந்தது. அங்கீகாரத்தைத் தொடர்வது, தேவைப்பட்டால் நீக்குவது எல்லாம் அந்த வரைவில் உண்டு. நீக்கும் முடிவை யார் எடுப்பது என்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். ஐகானுக்கு எவ்வளவு, பதிவகங்களுக்கு எவ்வளவு, சம்பந்தப்பட்ட பதிவகத்துக்குப் பேச வாய்ப்பு உண்டா என்று. எனக்கு அது இரண்டாம்பட்சம். நான் முதலில் தேடிப்போனது, பதிவேட்டின் நகல் எந்தக் கட்டத்தில் இன்னொருவர் கைக்குப் போகும் என்பதை. மொரீஷியஸில் பதிவான நிறுவனத்தின் சொத்தைப் பற்றி மொரீஷியஸ் நீதிபதி மொரீஷியஸ் சட்டத்தைத்தான் புரட்டுவார், நாங்கள் ஆறு தரப்பும் எழுதியதை அல்ல. வழக்கு வந்தபிறகு நகல் கேட்டால் கிடைக்காது. எல்லாம் நன்றாக ஓடும்போதே, ஐந்து பதிவகங்களும் தங்கள் நகலைப் பிறரிடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதற்கு அவர்களின் சட்ட ஆலோசகர்கள் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அனுபவத்தில் தெரியும்.