பாமினிக்குப் பணம் கேட்டுப் போன கதை

பார்வையற்ற நண்பர்களுக்குப் போட்டித் தேர்வுக் குறிப்புகள் வேர்டு கோப்பாக வந்தால், பாதி நேரம் அது பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில்தான் இருக்கும். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும், உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரில் அந்தச் சொல் மேல் எழுத்தெழுத்தாக நகர்ந்தால் “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்” என்கிறது. தமிழக அரசு 2010லேயே ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றுக்கொண்டுவிட்டது. டிடிபி கடைகளிலும் பயிற்சி மையங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இதற்காக நானும் நண்பர்கள் சிலரும் என்விடிஏவோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல், அதாவது ஓர் ஆட்-ஆன் எழுதினோம். எழுத்துருவின் பெயரைப் பார்த்து, பாமினி என்றால் ஒருங்குறிக்கு மாற்றி வாசிக்கச் சொல்லும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? பாமினியில் கொம்பை முதலில் தட்டுவார்கள், மெய் பிறகு வரும். ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கும். அதைப் பொறுக்கி வரிசை மாற்றிக் கோக்க வேண்டும். இருந்தாலும் அதெல்லாம் ஒருமுறை செய்கிற வேலை. என்விடிஏ ஆண்டுதோறும் தன் முதல் வெளியீட்டில் ஆட்-ஆன்களுக்கான விதிகளை மாற்றும். நாம் சோதித்துப் புதுப்பிக்காவிட்டால் ஆட்-ஆனை முடக்கிவிடும். வருடா வருடம் யாராவது உட்கார வேண்டும். பணம் தேடிக் கிளம்பியது இதற்காகத்தான்.

முதலில் யுபிஐ க்யூஆர் ஒன்றை வைத்தோம். நூறும் இருநூறுமாக வந்தது, பெரும்பாலும் பார்வையற்றவர்களே அனுப்பியது. யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடமே கை நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்துவிட்டோம்.

பிறகு பெரிய இடங்களைப் பார்த்தோம். பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா கட்டற்ற மென்பொருள்களுக்காக 2024ல் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்குகிறது. அதில் ஒரு திட்டத்துக்கான குறைந்தபட்சத் தொகையே 10,000 டாலர். பலரும் ஏற்கெனவே நம்பியிருக்கும் மென்பொருள்களுக்கானது அது, நம் ஆட்-ஆன் அந்த அளவுக்கு இல்லை. நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை 5,000 யூரோவிலிருந்து தருகிறது, ஆனால் ஐரோப்பாவுக்கு இதில் என்ன தொடர்பு என்று காட்ட வேண்டும். பாமினியை வைத்துக்கொண்டு நான் எதைக் காட்டுவது?

சரி, ஓர் அறக்கட்டளை தொடங்கி வெளிநாட்டு நன்கொடை வாங்கலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். அதற்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். பணத்தையும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். “வேற வேலை இருந்தா பாருங்க தம்பி” என்றார்.

மிஞ்சியது சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, வரம்புக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் தனிமனிதர் கையில் வராது. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் உள்ள அமைப்பு வேண்டும். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, பார்வையற்ற மாணவர்களுக்குக் கணினி சொல்லித் தரும் ஓர் அறக்கட்டளையின் நிழலில் ஒதுங்கினோம். கணக்கு அவர்களுடையது, வேலை எங்களுடையது, நிரல் கட்டற்ற உரிமத்தில் எல்லோருக்கும். இதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். இதே வழியில் போகிறவர்களும் அப்படிச் செய்துகொள்ளுங்கள்.

நிறுவனங்களில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. “இலவச மென்பொருளுக்கு எதுக்கு சார் பணம்?” என்விடிஏவே 2006ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இன்றுவரை நன்கொடையிலும் மானியத்திலும் ஓடுகிறது என்று விளக்குவேன். தலையாட்டிவிட்டு, லேப்டாப் வாங்கித் தரலாமா என்று கேட்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. லேப்டாப் கொடுத்தால் போட்டோ எடுக்கலாம். ஆட்-ஆனை எப்படிப் போட்டோ எடுப்பது?

அப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். ஒரு வினாத்தாளைத் திறந்து, திரையை அணைத்து, என்விடிஏவை வாசிக்க விடுவோம். புரியாத ஓசைதான் வரும். பிறகு ஆட்-ஆனைப் போட்டு அதே வரி. “கீழ்க்கண்டவற்றுள் எது சரி?” என்று கேட்டதும் அறையில் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு நடுத்தர நிறுவனம் அப்படித்தான் சம்மதித்தது.

பட்ஜெட்டில்தான் இழுபறி. சோதனையாளர் மதிப்பூதியம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். பார்வையற்ற பயனர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகக் கேட்டுப் பிழை சொல்வதற்கான கூலி. “அவங்களுக்காகத்தானே செய்றீங்க, அவங்களே தன்னார்வமா செய்ய மாட்டாங்களா?” என்று வெட்டப் பார்த்தார்கள். போஸ்டர் வடிவமைப்பவருக்குக் காசு, காதைத் தீட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கேட்பவருக்கு நன்றி மட்டுமா? வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள், இதைத் தொடாதீர்கள் என்றேன். தொகை சுருங்கியது, மதிப்பூதியம் தப்பியது.

ஆள் கிடைப்பது வேறு கதை. அக்டோபர் மாதத்தில் மாணவர்கள் நிறைய வருவார்கள், கட்டற்ற மென்பொருள்களுக்குப் பங்களிக்க அழைக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் புண்ணியம். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பிவிட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம். என்விடிஏவை நிறுவுங்கள், இன்சர்ட், கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரையை இருட்டாக்குங்கள், மவுஸைத் தொடாமல் ஒரு வேர்டு கோப்பில் மூன்றாவது பத்தியைக் கண்டுபிடித்து அதில் என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். பெரும்பாலோர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். செய்து அனுப்புகிறவர்கள் நிலைக்கிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த தன்னார்வலருக்கு நிரல் எழுதவே தெரியாது. ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பயனர்கள், நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் ஆங்கிலப் படிவம் நிரப்புவதில்லை, வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார்கள். “அண்ணா, இந்த ஃபைல்ல ‘மௌனம்’ மட்டும் உடைஞ்சு வருது” என்று. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டு, எந்த எழுத்துரு, எந்தச் சொல், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்று பிழைப் பதிவாக எழுதிப் போடுகிறார். ஔகாரக் குறியின் வால் பகுதியும் ‘ள’ என்ற எழுத்தும் சில எழுத்துருக்களில் ஒரே விசையில் இருப்பதை முதலில் பிடித்தவர் அவர்தான். நாங்கள் நிரலுக்குள் தேடிக்கொண்டிருந்தோம்.

பணத்தின் இரண்டாம் தவணை, செலவுக் கணக்கும் பயனீட்டுச் சான்றும் கொடுத்த பிறகு வரும். அறக்கட்டளைக் கணக்காளர் ரசீதுகளை வைத்துக்கொண்டு என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு வெளியீட்டுக்கான இணக்கச் சோதனைக்கு ஒதுக்கிய தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம், அதற்கடுத்த ஆண்டுக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை. வானவில் எழுத்துருவின் விசைப்பலகை அத்துப்படியான, டிடிபி வேலை பார்த்த யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவருக்கும் மதிப்பூதியம் உண்டு.