மூன்று மணி நேரம் உட்கார அனுமதி வாங்கிய கதை

2025 தை மாதம். பொங்கல் கழிந்து நான்கைந்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. சம்பா அறுத்த நெல்லை அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிர்த்தாற்போல உள்ள திடலில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். நான் சாகுபடி செய்வது ஒன்பது மா, சுமார் மூன்று ஏக்கர். அதில் ஐந்து மா குத்தகை. மழை விட்ட மறுநாள் காலையில் தார்ப்பாயைத் தூக்கிவிட்டுக் குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. அள்ளிப் பார்த்தால் பாதி நெல்லின் மூக்கில் வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், அது தெரிந்ததுதான். ஆனால் மழைக்கு முன்னால் காய்ந்து கிடந்த நெல்லையும் எடுக்கவில்லை. சாக்கு வரவில்லை, பிடித்த மூட்டையை ஏற்ற லாரி வரவில்லை என்று பதினோரு நாளாக நிலையம் பூட்டியே கிடந்தது.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் கூடினோம். மெயின் ரோட்டில் மறியல் செய்யலாம் என்று பையன்கள் குதித்தார்கள். நான் வேண்டாம் என்றேன். சில வருஷத்துக்கு முன் இதே ஊரில் மறியல் நடந்தது. எல்லாரையும் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாப்பாடு போட்டுப் பொழுது சாய விட்டுவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். பின்னால் ஒரு பையன் சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்த வழக்கு இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது. எட்டு மாதம் அலைந்தான். இந்த முறை எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகக் கூடாது, முறைப்படி அனுமதி வாங்கித் தாலுகா ஆபீஸ் முன்னால் அரை நாள் உட்காருவோம் என்றேன். சரி, நீயே வாங்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி 24 அன்று மனுவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் வாங்கிப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் அனுப்பினார். அவர் மரியாதையாகவே பேசினார். "அம்மா, மாவட்டம் பூரா 30(2) அமல்ல இருக்கு. குடியரசு தினம் வேற வருது. இப்ப யாருக்கும் பர்மிஷன் கிடையாது. பேசாம கலெக்டர்கிட்ட ஒரு மனு குடுத்துருங்க." மனுவைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து பெரியப்பா மகளுக்குப் போன் செய்தேன். அக்கா கும்பகோணத்தில் வக்கீல். நான் சொல்லி முடிப்பதற்குள், "மறுத்துட்டாங்கன்னு காட்ட உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. "வாயால சொன்னதை வச்சு எந்தக் கோர்ட்டுலயும் நிக்க முடியாது. தாள்ல வாங்கு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று ராத்திரி அவள் போனிலேயே விளக்கியதை நான் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன். 30(2) என்பது 1861ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின் ஒரு பிரிவு. பொது ரோட்டில் ஒரு கூட்டமோ ஊர்வலமோ நடக்கப்போகிறது, கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் அமைதி கெடும் என்று மாவட்டப் போலீஸ் அதிகாரிக்குத் தோன்றினால், நடத்துகிறவர்கள் முன்கூட்டியே உரிமம் கேட்க வேண்டும் என்று அவர் அறிவிக்கலாம். அடுத்த உட்பிரிவு, 30(3), அந்த உரிமத்தில் நிபந்தனைகளை எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. அதாவது 30(2) அமலில் இருக்கிறது என்றால் 'கேட்டு வாங்கிக்கொண்டு நடத்து' என்று அர்த்தம். இத்தனை வருஷமாக நாங்கள் எல்லாரும் அதைத் 'தடை' என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். போலீஸாரும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள்.

கரூர் மாவட்டத்து வழக்கு ஒன்றை அக்கா சொன்னாள். ஜீவானந்தம் என்பவர் பெயரில் 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கொடுத்த தீர்ப்பு. 30(2) ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டுமே, ஜனநாயக எதிர்ப்பை மொத்தமாக அமுக்கும் அதிகாரம் ஆகாது என்று அதில் இருக்கிறது. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாகச் சொல்லும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டுமாம். 2024 ஜூலையில் புதுச் சட்டங்கள் வந்தபின் அந்தப் பிரிவுக்கு எண் 223. எங்கள் ஊர்ப் பையன் எட்டு மாதம் அலைந்ததும் அந்த 188ஆல்தான்.

மறுநாள் மனுவைப் புதிதாக எழுதினேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மதுரையில் எங்களைக் காப்பாற்றியது இந்த மனுதான். முதல் மனுவில் 'தாலுகா ஆபீஸ் முன்பு உண்ணாவிரதம்' என்று ஒரு வரியோடு விட்டிருந்தேன். தாலுகா ஆபீஸ் வாசலே பஸ் போகிற ரோடு. அதைப் படித்ததும் அக்கா அந்த வரியை அடித்துவிடச் சொன்னாள். நமக்குக் கூடுகிற உரிமை இருக்கிறது, அதற்காக நாம் கைகாட்டும் இடத்திலெல்லாம் உட்காரலாம் என்று ஆகாது என்றாள். டெல்லி ஷாஹீன் பாக் போராட்ட விஷயத்தில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதானாம்: பொதுச் சாலையைக் காலவரையில்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார முடியாது. அதனால் மூன்று இடம் எழுதினேன். ஆபீஸ் காம்பவுண்டை ஒட்டிய காலி மனை, வாரச்சந்தைத் திடல், பழைய பஸ் ஸ்டாண்டின் ஓரம். தேதி பிப்ரவரி 5, காலை 10 முதல் 1 வரை, 150 பேர், அதில் பெண்கள் 90. ஒரு பெட்டி ஒலிபெருக்கி. ஒழுங்கு பார்க்கப் பத்துப் பேர், அவர்களின் போன் நம்பர்கள். ஆயுதம் கிடையாது, கொடும்பாவி கிடையாது, ரோட்டில் கால் வைக்க மாட்டோம். கடைசி வரியாக, 'மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் தரவும்' என்று போட்டேன். ஒரு நகலை ஸ்டேஷனில் கொடுத்து இன்னொன்றில் முத்திரை கேட்டேன். போடவில்லை. நேராகத் தபாலாபீஸுக்குப் போய் இன்ஸ்பெக்டருக்கும் டிஎஸ்பிக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையெழுத்தான அட்டைகள் இரண்டும் 28ஆம் தேதி திரும்பி வந்தன.

நடுவில், ஊர்த் தகவல் சேகரிக்கிற போலீஸ் தனிப்பிரிவின் ஏட்டு தினம் போன் செய்தார். யார் பின்னால் இருக்கிறார்கள், எந்தக் கட்சி, வெளியூர் ஆள் வருகிறார்களா. நான் ஒவ்வொரு தடவையும் மனுவில் உள்ளதையே படித்துக்காட்டினேன். எங்கள் குழுவில் உள்ள ஒரு பெரியவர் வீட்டுக்கும் போய் விசாரித்திருக்கிறார்கள். அவர் பயந்துகொள்வார் என்று நினைத்தேன். அவரோ உப்புச் சத்தியாகிரகக் கதையை எடுத்துவிட்டார். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் வழிநெடுக மரக்கிளையில் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்கிற கதைதான். அந்தத் தொண்டர்கள் நடந்த காலத்திலும் இந்த 1861ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது என்பதை நினைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

30ஆம் தேதி ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு காவலர் வந்து மறுப்பு ஆணையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஒரே பக்கம், மூன்று காரணம். போக்குவரத்துக்கு இடையூறு. உங்களுக்குக் கொடுத்தால் மற்ற அமைப்புகளும் கேட்பார்கள். சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்பு உள்ளது. நாங்கள் எழுதிய மூன்று இடங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். அக்கா சந்தோஷமாக இருந்தாள். "இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் முதல் பஸ். தஞ்சாவூர் போய் அங்கிருந்து மதுரை, பிறகு ஒத்தக்கடை பக்கத்தில் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளை. அக்காவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் அங்கே தாக்கல் செய்தார். அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவில் ரிட் மனு. மறுப்பு ஆணையை ரத்து செய்து அனுமதி தர உத்தரவிட வேண்டும் என்று கேட்டோம். தேதி நெருங்குவதால் அவசர வழக்காக எடுக்கச் சொல்லித் தனியாக முறையிட்டார்கள். வெள்ளிக்கிழமை தாக்கல், திங்கள் 3ஆம் தேதி விசாரணை.

கோர்ட்டுக்குள் எங்கள் வழக்கு நடந்தது பத்து நிமிஷம் இருக்கும். எங்கள் வக்கீல் இரண்டு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியல் சட்டத்தின் 19(1)(பி) தரும் உரிமை, அதற்கு 19(3)இன்படி நியாயமான கட்டுப்பாடு போடலாம், ஆனால் நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பொது ஒழுங்கும்தான் அதற்குக் காரணமாக முடியும். 'மற்றவர்களும் கேட்பார்கள்' என்பது அந்த வகையில் சேராது. இரண்டாவது, ஹிம்மத்லால் ஷா வழக்கு. அகமதாபாத்தில் ஒரு மாணவர் அமைப்பின் பொதுக்கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி மறுத்ததில் தொடங்கியது. தெருவில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எந்த வரைமுறையும் இல்லாமல் இஷ்டத்துக்கு மறுக்கிற அதிகாரத்தை ஒரு அதிகாரி கையில் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த விதியையே செல்லாததாக்கியது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நிற்கிற தீர்ப்பு.

நீதிபதி அரசு வக்கீலிடம் கேட்டார்: சந்தைத் திடலில் எந்தப் போக்குவரத்துக்கு இடையூறு? சட்டம் ஒழுங்கு கெடும் என்பதற்கு என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள்? அவர் ஸ்டேஷனுக்குப் பேசிவிட்டு வந்து, சந்தைத் திடல் என்றால் ஆட்சேபம் இல்லை, ஏற்பாட்டுக்கு இரண்டு நாள் வேண்டும் என்றார். மறுப்பு ஆணை ரத்து. பிப்ரவரி 7, சந்தைத் திடல், 10 முதல் 1 வரை, 100 பேர், நியாயமான நிபந்தனைகளைப் போலீஸ் விதிக்கலாம். 150 பேரை 100 ஆக்கியது எனக்கு வருத்தம்தான். யாரை வர வேண்டாம் என்று சொல்வது?

நிபந்தனைத் தாளில் ஒரு சிக்கல் வந்தது. பத்து நிபந்தனைகளில் ஒன்பது சரி. ஆறாவது, 'அரசுக்கும் அதிகாரிகளுக்கும் எதிராக முழக்கமிடக் கூடாது'. அக்கா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டாள். எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எவ்வளவு சத்தம் என்று நீங்கள் கேட்கலாம் சார். வன்முறையைத் தூண்டினால் கேஸ் போடலாம். ஆனால் கொள்முதல் செய்யவில்லை என்று சொல்லத்தானே இவர்கள் உட்காருகிறார்கள், அதைச் சொல்லக் கூடாது என்றால் எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவால் அந்த வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மீதி ஒன்பதையும் நான் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தேன். ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி, குடிதண்ணீர், நிழல், ஆண்கள் பெண்கள் தனித்தனியாக வெளியேற வழி. அப்போது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. அதே வருஷம் செப்டம்பர் 27ஆம் தேதி கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் செத்துப்போனார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி இந்தத் தாளை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒழுங்குபடுத்துவது என்று சட்டம் சொல்வது இதைத்தான். அந்த வேலையை அக்கறையோடு செய்கிற போலீஸ்காரரிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

7ஆம் தேதி ஒன்பதரைக்கே பெண்கள் வந்துவிட்டார்கள். தலைக்கு ஒரு முறம், முறத்தில் முளைவிட்ட நெல். சில முறங்களில் முளை விரற்கடை நீளம் இருந்தது, பச்சை கட்டிவிட்டது. வரிசையாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முழக்கம் போட்டது கொஞ்சம்தான். பன்னிரண்டு மணி வாக்கில் தாசில்தார் வந்தார். முதல் வரிசையில் இருந்த அத்தை ஒன்றும் பேசவில்லை, முறத்தை அவர் பக்கம் நீட்டினார். தாசில்தார் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். 1 மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஜமக்காளத்தைச் சுருட்டச் சொல்லிவிட்டேன்.

10ஆம் தேதி சாக்கு வந்தது, நிலையம் திறந்தது. காய்ந்த நெல் போயிற்று. என் குவியலில் முளைத்தது பதினான்கு மூட்டை, மாட்டுத் தீவனத்துக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்தேன். யார் மீதும் வழக்கு இல்லை.

போன மாதம் இரண்டு ஊர் தள்ளி உள்ள பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். வாய்க்கால் தூர்வாராததற்காக உட்காரப்போகிறார்களாம். மனு, ஒப்புகை அட்டை, மறுப்பு ஆணை, கோர்ட் உத்தரவு, ஒரு வரி அடிக்கப்பட்ட நிபந்தனைத் தாள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மனுவில் இடம், தேதி, ஆள் கணக்கு மூன்றையும் மாற்றிக்கொள்ளுங்கள், கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.